உலர்த்தி: டீஹைட்ரேட்டருக்கு நம்மிடம் இருக்கும் சொல்

சமைக்காத உணவுக்கு மாறியவர்களின் வீட்டில், மிக்ஸிக்கு அடுத்தபடி இடம்பிடிக்கும் கருவி டீஹைட்ரேட்டர். பழம், கீரை, முளைகட்டிய பயறு ஆகியவற்றை அடுப்பேற்றாமல் ஈரம் போக்கி வைத்துக்கொள்ள உதவும் தட்டுகள் அடுக்கிய பெட்டி அது. விற்கிறவர்கள் தமிழில் விவரம் எழுதும்போது ‘நீரிழப்பு இயந்திரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கூசுகிறது. நீரிழப்பு என்பது வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் சொல். தக்காளி வில்லைக்கு அது எப்படிப் பொருந்தும்? ‘நீர்நீக்கி’, ‘நீரகற்றி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அவற்றில் பிழையில்லை; ஆனால் ஆய்வுக்கூடத்தின் வாடை அடிக்கிறது.

அந்த வாடை மூலச் சொல்லிலேயே இருக்கிறது. ‘டீ’ என்பது அகற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் முன்னொட்டு. ‘ஹைட்ர’ என்பது தண்ணீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஹைட்ரஜன், ஹைட்ராலிக் இரண்டிலும் இருப்பது அதே வேர்தான். இரண்டு மொழிகளை ஒட்டி இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியல். சர்க்கரை மீது அடர் கந்தக அமிலத்தை ஊற்றினால் அது கரியாகிப் பொங்கும். சர்க்கரை ஈரமாக இருந்ததால் அப்படி நடப்பதில்லை. அதன் மூலக்கூறிலிருந்தே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அமிலம் தண்ணீராகப் பிரித்தெடுத்துவிடுகிறது. வேதியியலில் டீஹைட்ரேஷன் என்பது இதுதான். பிறகு உணவுக்கும் அந்தப் பெயர் பரவியது. இரண்டாம் உலகப் போரில் முட்டைப் பொடியும் உலர்ந்த உருளைக்கிழங்கும் கப்பலேறிய காலத்தில் அது பொதுமக்கள் பேச்சிலும் நிலைத்தது.

தமிழில் இந்த வேலைக்கு ஒரு சொல் இல்லை, பல சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு வேலையைச் சொல்கிறது.

‘காய்’ என்ற வினைக்குள் சூடு இருக்கிறது. எண்ணெய் காய்கிறது, பாலைக் காய்ச்சுகிறோம், குளிர் காய்கிறோம், உடம்பு காய்ந்தால் காய்ச்சல். வடகம் காய்வதும் வெயிலின் சூட்டில்தான். ‘வற்று’ என்பதில் நீர்மட்டம் இறங்குகிறது: குளம் வற்றும், குழம்பு வற்றும், மணத்தக்காளியும் சுண்டைக்காயும் வற்றலாகும். வற்றலுக்கு வயது அதிகம். அன்பில்லாத வாழ்க்கையை ‘வன்பாற்கண் வற்றல் மரம் தளிர்த்தற்று’ என்கிறது 78ஆவது குறள். அங்கே வற்றல் என்பது இனித் துளிர்க்க முடியாத அளவுக்கு நீர் தீர்ந்த மரம். ‘வாடு’ என்பதில் பசுமை போகிறது. கருவாட்டில் இருப்பது அந்த வாடுதான்.

இன்னொரு பழஞ்சொல் ‘உணங்கு’. நற்றிணை 45ஆம் பாடலில் ஒரு பரதவர் வீட்டுப் பெண்ணின் தோழி, காதலித்து வந்தவனைத் தள்ளி நிற்கச் சொல்கிறாள்: நாங்கள் ‘நிணச் சுறா அறுத்த உணக்கல்’ காயும் இடத்தில் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும் என்கிறாள். மலையாளத்தில் கருவாட்டுக்கு இன்றும் ‘உணக்க மீன்’ என்றுதான் பெயர். ‘உணக்கி’ என்று கருவிக்குப் பெயர் வைக்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கடையில் போய்க் கேட்டால் யாருக்கும் புரியாது. சொல் என்பது புழங்குவதற்குத்தானே.

எஞ்சியது ‘உலர்’. குளித்தவரிடம் “தலை உலர்ந்துவிட்டதா?” என்று கேட்கிறோம். சித்த மருத்துவச் செய்முறைகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர் ‘நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து’. அந்த நிழலைக் கவனியுங்கள். ஆவாரம்பூவையும் துளசியையும் வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும் என்பதால் காற்றிடம் விடுகிறார்கள். காய்வதற்குச் சூடு வேண்டும். உலர்வதற்குக் காற்று போதும். சமைக்காத உணவுக்காரர்கள் இந்தக் கருவியிடம் எதிர்பார்ப்பது அதைத்தான். உலர் திராட்சை என்ற பெயர் ஏற்கெனவே கடைகளில் இருக்கிறது. விவசாயிகளுக்கான சூரிய கூடார உலர்த்தி என்ற பெயரும் வேளாண் பொறியியல் துறையின் திட்டங்களில் புழங்குகிறது. ஆகவே ‘உணவு உலர்த்தி’. வீட்டுக்குள் பேசும்போது வெறும் ‘உலர்த்தி’.

பச்சையா, வெந்ததா என்ற வேறுபாட்டையும் தமிழ் விட்டுவைக்கவில்லை. பச்சரிசியும் புழுங்கலரிசியும் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கைப் பச்சையாகவே பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கிக் கூழாகவும் பிட்டாகவும் சமைக்கிறார்கள். புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்கிறார்கள். நம் வற்றல்களிலும் இந்தப் பிரிவு உண்டு. கொத்தவரங்காய் வற்றல் உப்புநீரில் வெந்து வருவது, மோர் மிளகாய் வேகாமல் வருவது. சமைக்காத உணவுக்கு எது சேரும் என்று இதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

சொல் தெளிந்தால் கருவியைத் தேர்ந்தெடுப்பதும் எளிது. காய்ச்சும் பெட்டி வேண்டாம், உலர்த்தும் பெட்டி வேண்டும். நான் முதலில் வாங்கியது அடியில் மின்விசிறி வைத்த வட்டமான அடுக்கு. 45 டிகிரியில் வைத்து நேந்திரம்பழ வில்லைகளைப் பரப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் அடித்தட்டு வில்லைகளின் ஓரம் பழுப்பேறி, பாகு கசிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மேல்தட்டு வில்லைகள் ஈரம் மாறாமல் வழவழவென்று இருந்தன. சமையலறை வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தேன். அடியில் 57 டிகிரி. விற்றவரிடம் சொன்னதற்கு, கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்றார். சமைக்காத உணவுக்காரர்கள் பெரும்பாலும் 118 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது சுமார் 48 டிகிரி செல்சியஸை எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு, வைத்த அளவைவிட ஏறிய இந்தப் பன்னிரண்டு டிகிரி சின்ன விஷயமல்ல.

அந்த எல்லை பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைத் தாண்டினால் உணவிலுள்ள நொதிகள், அதாவது என்சைம்கள், அழிந்துவிடும் என்கிறார்கள். எல்லா நொதிகளும் ஒரே வெப்பத்தில் அழிவதில்லை. உணவோடு போகும் நொதிகளில் பெரும்பகுதி இரைப்பை அமிலத்திலேயே சிதைந்துவிடும். ஆனாலும் குறைந்த சூட்டில் உலர்ந்த மாம்பழத்தின் மணமும் புதினாவின் பச்சையும் வேறுதான். அதற்காகவே நான் இந்த எல்லையை மதிக்கிறேன்.

இவ்வளவு குறைந்த சூட்டில் எப்படி உலரும் என்று கேட்பவர்களுக்கு மழைக்காலக் கணக்கு ஒன்று. 28 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதத்தோடு கனத்துக் கிடக்கும் காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சுமார் 35 விழுக்காடாக இறங்கிவிடும். காற்றிலுள்ள தண்ணீர் அப்படியே இருக்கிறது. காற்றின் தாகம்தான் கூடுகிறது. அந்தத் தாகமான காற்று ஒவ்வொரு தட்டையும் சமமாகத் தொட்டுப் போக வேண்டும். அதனால் பின்புறம் மின்விசிறி வைத்து, காற்றைக் கிடைமட்டமாக வீசும் சதுரப் பெட்டியே மேல். எக்ஸ்காலிபர் போன்ற அமெரிக்கப் பெட்டிகள் சமைக்காத உணவுக்காரர்களிடம் பெயர் வாங்கியது இந்த அமைப்பால்தான். அடியில் விசிறி இருந்தால் பழச்சாறு அதில் சொட்டும், தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்க வேண்டியிருக்கும். வெப்ப அளவு 40 டிகிரிக்காவது இறங்குகிறதா, மணிக்கணக்கில் ஓடி நிற்கும் டைமர் இருக்கிறதா, தட்டு எஃகா என்று பாருங்கள். மின்சாரம்? 600 வாட் பெட்டி முழுநேரம் இழுத்தாலும் 12 மணி நேரத்துக்கு 7.2 யூனிட், சூடு எட்டியதும் அணைந்து எரிவதால் அதைவிடக் குறையும்.

குறைந்த சூட்டில் ஓர் அபாயமும் உண்டு. இளஞ்சூட்டில் ஈரம் நெடுநேரம் தங்கினால் கிருமியும் பூஞ்சையும் வளரும். வில்லையை நான்கைந்து மில்லிமீட்டருக்குமேல் நறுக்காதீர்கள். தட்டில் இடைவெளி விடுங்கள். ராஜ்மாவை முளைகட்டிப் பச்சையாக உலர்த்தவே கூடாது. அதன் நச்சு நன்றாகக் கொதித்தால்தான் போகும். இறைச்சிக்கும் இந்தச் சூடு ஆகாது.

ஊறவைத்த ஆளிவிதையோடு தக்காளியை அரைத்து, விரிப்பில் மெல்லிதாகப் பரப்பி இரவில் வைத்தால், விடியற்காலையில் மேல்பக்கம் இறுகியிருக்கும். ஒரு முனையைப் பிடித்து உரித்துப் புரட்டிப் போட்டால், மதியத்துக்குள் அப்பளம்போல் முறியும். தக்காளி வில்லை முறியக் கூடாது. தோல்போல வளைய வேண்டும், அழுத்தினால் சாறு கசியக் கூடாது. எதையும் ஆறவிட்ட பிறகே தொட்டுப் பாருங்கள், சூட்டில் எல்லாம் இளகித்தான் தெரியும். கண்ணாடிப் புட்டியில் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். புட்டியின் உள்சுவரில் ஈரம் பூத்தால், பூஞ்சை பிடிப்பதற்குள் திரும்பவும் உலர்த்தியில் வையுங்கள்.