தெரியாவிட்டால் பேசாத உதவியாளர்

கட்டுரையை எந்த வடிவில் அனுப்ப வேண்டும், கடைசி நாள் ஞாயிறா திங்களா, போன தேர்வின் மதிப்பெண் எப்போது வரும்? வகுப்பில் 300 பேர் இருந்தால் இதே கேள்விகள் 300 விதமாக வரும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் நடத்திய பேராசிரியர் அசோக் கோயல் இந்த வெள்ளத்தில்தான் சிக்கினார். அவருடைய பாடத்தின் இணைய விவாதப் பலகையில் ஒரு செமஸ்டரில் சுமார் 10,000 பதிவுகள் குவிந்தன. முழுப் படிப்புக்கும் ஏறத்தாழ 7,000 டாலர் மட்டுமே கட்டணம் வாங்கும் இணையவழி முதுநிலைப் பட்டப்படிப்பில் ஒரு பாடம் அது. கேள்விகள் பெருகப் பெருக ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனால் அந்தக் கட்டணம் நிலைக்காது.

2016 ஜனவரியில் அவருடைய உதவியாளர் குழுவில் ஜில் வாட்சன் என்ற பெயர் சேர்ந்தது. கணினி நிறுவனமான ஐபிஎம்மின் வாட்சன் தொழில்நுட்பத்தில் உருவான சாட்பாட், அதாவது கேள்விக்கு எழுத்தில் பதில் தரும் நிரல் அது. முந்தைய செமஸ்டர்களின் சுமார் 40,000 பதிவுகளை அதற்குப் பாடமாகக் கொடுத்திருந்தார்கள். அது புதிதாக எதையும் யோசித்துச் சொல்வதில்லை. வந்த கேள்வி ஏற்கெனவே அறிந்த எந்த வகையைச் சேர்ந்தது என்று கணிக்கும். அந்த வகைக்கு உரிய விடையை எடுத்துத் தரும்.

தொடக்கத்தில் நன்றாகவே சறுக்கியது. வீடியோ பாடங்களைச் சேர்ந்து பார்க்க ஒரு சந்திப்பு ஏற்பாடு செய்யலாமா என்று ஒரு மாணவர் கேட்டபோது, வீடியோ பாடங்களுக்குத் துணையாகப் படிக்க வேண்டிய புத்தகத்தைப் பற்றிப் பதில் தந்தது. சொற்கள் பொருந்தின, சூழல் பொருந்தவில்லை. இதனால் அதன் பதில்களை மாணவர் கண்ணில் படாத தனிப் பலகையில் வைத்துக் குழுவினர் திருத்தி வந்தார்கள். பிறகும் கடிவாளத்தை விட்டுவிடவில்லை: தன் விடை சரி என்று குறைந்தது 97 சதவீதம் உறுதி இருந்தால்தான் ஜில் பதில் சொல்லும். இல்லையென்றால் கேள்வி மனித உதவியாளருக்குப் போகும்.

என்னைக் கவர்ந்தது அந்த 97தான். பதிலளிக்கும் திறனைவிட, பதிலளிக்காமல் விலகும் திறனே கல்விக்கூடத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன். கடைசித் தேதியைத் தவறாகக் கேட்டறிந்த மாணவருக்குப் போன மதிப்பெண் திரும்ப வராது. ஆனால் ஒன்று நெருடுகிறது: ஜில் ஓர் இயந்திரம் என்பதை மாணவர்களுக்குச் செமஸ்டர் முடியும் தறுவாயில்தான் சொன்னார்கள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் இன்றைய பெரிய மொழி மாதிரிகள் வேறு விதமானவை. அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து வாக்கியத்தைக் கட்டுகின்றன. அதனால் நடை சரளமாக இருக்கிறது. அதே சரளத்தோடு பொய்யும் வருகிறது. இதற்கு மருந்தாக, கேள்வி வந்ததும் முதலில் பாடத்திட்டத்திலும் குறிப்புகளிலும் தொடர்புள்ள பத்தியைத் தேடி எடுத்து, அதை வைத்தே பதில் எழுதச் சொல்கிறார்கள். பிழை குறைகிறது, அற்றுப்போவதில்லை. செலவும் உண்டு: ஒவ்வொரு சொல்லுக்கும் கோடிக்கணக்கான பெருக்கல்கள், அதற்கு மின்சாரம், சூடாகும் கணினிகளைக் குளிர்விக்கப் பல இடங்களில் தண்ணீர். தேர்வு எந்த அறையில் என்ற கேள்விக்கு இவ்வளவும் தேவையில்லை. எழுதி வைத்த விடையைத் தேடித் தரும் சிறிய அமைப்பே போதும்.

அதே அட்லாண்டாவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016 கோடையில் அப்படி ஒன்றைத்தான் இறக்கியது. இடம் கிடைத்த மாணவர்களில் பலர், உதவித்தொகைப் படிவத்திலோ தடுப்பூசிச் சான்றிலோ தடுக்கி, வகுப்பு தொடங்கும் நாளில் வராமலே போய்விடுவார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவருக்கு இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்றே தெரியாது. பவுன்ஸ் என்ற சாட்பாட் குறுஞ்செய்தி வழியே நினைவூட்டியது, நள்ளிரவிலும் பதில் சொன்னது. முதல் கோடையிலேயே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள். சேராமல் நழுவுவோர் விகிதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பவுன்ஸுக்குத் தெரியாத கேள்வி அலுவலர் ஒருவருக்குப் போகும். அவர் எழுதும் பதில் மாணவருக்கும் சேரும், பவுன்ஸின் விடைக் களஞ்சியத்திலும் சேரும். அடுத்த மாணவர் அதையே கேட்கும்போது அலுவலரை மீண்டும் எழுப்ப வேண்டியதில்லை.