மனம் ஓடியது தெரியவரும் அந்த நொடி

“மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் ஒரு நிமிடம்கூட மனம் நிற்பதில்லை. எனக்குத் தியானம் வராதா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். வரும். அந்த ஓட்டம் மூளையின் இயல்பு. கையில் வேலை இல்லாதபோது மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய சில பகுதிகள் சேர்ந்து இயங்கி, நேற்றையும் நாளையையும் அசைபோடத் தொடங்கிவிடும். 2001-இல் மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்கிலும் சகாக்களும் இதை மூளையின் ‘இயல்புநிலை’ என்றார்கள்.

அதன்பிறகு நடப்பதுதான் அழகு. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், தியானம் பழகிய 14 பேர் ஸ்கேன் கருவிக்குள் படுத்து மூச்சைக் கவனித்தார்கள். மனம் ஓடிவிட்டது என்று தெரிந்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தலுக்குச் சற்றுமுன் இயல்புநிலைப் பகுதிகள் சுறுசுறுப்பாக இருந்தன. தெரியவந்த நொடியில், ‘இது முக்கியம்’ என்று உணர்த்தும் பகுதிகள் (இன்சுலா என்ற மூளைப் பகுதியின் முன்பாகம் போன்றவை) விழித்தன. பிறகு, கவனத்தைத் திருப்பிப் பிடித்து வைக்கும் முன்மூளைப் பகுதிகள் வேலையை ஏற்றன. ஓட்டம், தெரியவருதல், திரும்புதல், நிலைத்தல் என்று இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பௌத்தத்தில் விழிப்புணர்வுக்கு வழங்கும் பாலிச் சொல் ‘சதி’. அது வடமொழி ‘ஸ்மிருதி’யின் வடிவம், வேர்ப்பொருள் நினைவு. எதைச் செய்ய உட்கார்ந்தோம் என்பது நினைவுக்கு வரும் அந்த நொடிக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! பத்து முறை ஓடிப் பத்து முறை திரும்பினால், பயிற்சி பத்து முறை நடந்திருக்கிறது.

தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருக்கும்படி ஒரு தலையணைமேல் உட்காருங்கள், நாற்காலியும் சரிதான். மூக்குநுனியில் மூச்சு உரசும் இடத்தில் கவனம் வைத்து, வெளிமூச்சுக்கு ஒன்றாக எண்ணுங்கள். ஐந்துக்குக் குறையாமல், பத்தைத் தாண்டாமல் எண்ணச் சொல்கிறது பௌத்தத் துறவி புத்தகோசரின் ஐந்தாம் நூற்றாண்டு நூலான விசுத்திமக்கம். நல்ல உத்தி. ‘பதினேழு’ என்று எண்ணிக்கொண்டிருந்தால் மனம் எப்போதோ கிளம்பிவிட்டது என்று தெரிந்துவிடும். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

மூச்சை வேண்டுமென்றே ஆழமாக இழுக்காதீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல்கள் மரமரக்கும். பலர் இதைத் தெய்விக அனுபவம் என்று நம்பிவிடுகிறார்கள். தூக்கம் சொக்கினால் கண்ணைப் பாதி திறந்துவையுங்கள். போகவில்லையென்றால் எழுந்து மெல்ல நடந்து பாதத்தைக் கவனியுங்கள். பழைய பயங்கள் பொங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

எட்டு வாரத்தில் மூளையின் கட்டமைப்பே மாறும் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். 200-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி மாற்றம் காணப்படவில்லை. ‘இல்லை’ என்று சொல்லும் இத்தகைய மறு ஆய்வுகளுக்குத்தான் கூடுதல் நிதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சியைத் தினமும் தவறாத ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள்: பல் துலக்கியவுடன் உட்காருவது போல. உணவு, உடற்பயிற்சிப் பழக்கங்கள் தானாக நிகழும் நிலைக்கு வர 18 முதல் 254 நாள்வரை ஆகலாம் என்று ஓர் ஆய்வு கணித்தது; நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது அங்கே பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. விட்டுப்போனால் மறுநாள் இருபது நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம். வழக்கமான பத்து நிமிடமே போதும்.