நீலகிரி தைலம்: பெயரை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கற்பூர மரத்தடியில், அதாவது யூகலிப்டஸ் மரத்தடியில், குனிந்து பார்த்தால், சாம்பல் பூத்த, சொரசொரப்பான குட்டித் தொப்பிகள் உதிர்ந்து கிடக்கும். இந்தப் பூவுக்குத் தனியாக இதழ் கிடையாது. எல்லாம் ஒட்டிப்போய் மொட்டை மூடும் தொப்பியாகிவிடும். அது கழன்று விழுந்தால்தான் மகரந்தம் தாங்கும் வெளிர்மஞ்சள் கேசர இழைகள் விரியும். கிரேக்க மொழியில் ‘யூ’ என்றால் நன்றாக, ‘கலிப்டோஸ்’ என்றால் மூடப்பட்டது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே 1788-ல் ‘யூகலிப்டஸ்’ என்று பெயர் வைத்தது இந்தத் தொப்பியைப் பார்த்துத்தான்.

மரம் ஆஸ்திரேலியாவுடையது. 19-ம் நூற்றாண்டில் இங்கே வந்தது. இலையைக் காய்ச்சி வடித்த எண்ணெய்க்கு மலையின் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘நம்ம ஊர் மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்ற நினைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டதுதான் வம்பு.

லேபிளில் யூகலிப்டால் என்றாலும் சினியோல் என்றாலும் ஒரே பொருள்தான். வேறொரு செடியிலிருந்து எடுக்கும் ‘ஓலியம் சினே’ என்ற எண்ணெயிலும் இதே பொருள் இருந்தது. அந்த இரு சொற்களை முன்பின்னாக மாற்றிச் செய்த பெயர் சினியோல். தரமான தைலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இதுதான்.

சிறு குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. வாய் எரிச்சல், வாந்தி, தள்ளாட்டம், அசாத்தியத் தூக்கம், வலிப்பு எல்லாம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வரும். சில மணி நேரம் கழித்தும் வரலாம். பெரும்பாலும் தவறு நடப்பது ராத்திரியில்: இருமல் மருந்துப் பாட்டிலும் தைலப் பாட்டிலும் ஒரே அலமாரியில், ஒரே உயரத்தில், பக்கத்திலேயே கரண்டி. தைலத்தைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூக்கடியில் தடவவே கூடாது. குரல்வளை இறுகி மூச்சு நின்றுவிடலாம். பெரியவர்கள் உடம்பில் தேய்க்க 5 தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்குக் கால் தேக்கரண்டி தைலம் போதும். வலிப்பு நோய் உள்ளவர்கள் ஆவி பிடிப்பதையும் தவிர்க்கலாம்.

குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். வாயை மட்டும் துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும், அதனால் ‘வலிப்பு வந்தால் பார்ப்போம்’ என்று காத்திருக்க வேண்டாம். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் டாக்டர் முதலில் கேட்பது.