போட்டியை விட்ட பிறகு ஜிம்னாஸ்டிக் உடலுக்கு என்ன நடக்கிறது?

திருகோணமலையில் பாடசாலைக் காலம் முழுவதும் வலைப்பந்து, ஓட்டம் என்று திரிந்த ஒரு பெண்பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்காக விளையாட்டை விட்டால், கொஞ்ச நாளில் யாராவது சொல்லிவிடுவார்கள்: "விட்டதும் பிள்ளைக்கு உடம்பு வைச்சிட்டுது." ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளும் இந்தப் பேச்சிலிருந்து தப்புவதில்லை. சோம்பல் வந்துவிட்டது, கட்டுப்பாடு போய்விட்டது என்கிறார்கள். இது பெரிய அநியாயம். உடலுக்குள் நடப்பது வேறு. தசை, ஓமோன், எலும்பு, மூளை எல்லாம் ஒரே நாளில் ஓய்வு பெறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேகம் இருக்கிறது.

முதலில் குறைவது தசை. உச்ச நிலையில் இருப்பவர்கள் வாரத்துக்கு 30 மணித்தியாலம் வரை, சிலர் அதற்கு மேலும் பயிற்சி செய்கிறார்கள். அதை நிறுத்தினால் முதல் சில வாரங்களுக்குப் பலம் பெரிதாகக் குறையாது. அப்புறம் இறக்கம் தொடங்கும். ஆனால் முழுவதும் அழிந்துவிடுவதும் இல்லை. பயிற்சியில் தடிக்கும் தசை நார்கள் புதிய உயிரணுக் கருக்களைச் சேர்த்துக்கொள்கின்றன. நார் மெலிந்த பிறகும் அந்தக் கருக்கள் தங்கிவிடுவதை எலிகளில் செய்த சோதனைகள் காட்டின. ஒருமுறை பயிற்றப்பட்ட உடல் திரும்ப வரும்போது வேகமாகத் தேறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிமோன் பைல்ஸ் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் பிறகு ஒதுங்கி, 2023இல் திரும்பி, 2024 பாரிஸில் 27 வயதில் மூன்று தங்கம் எடுத்தார்.

ஓமோன்களின் கதைதான் "உடம்பு வைச்சிட்டுது" என்ற பேச்சுக்கு நேரான பதில். கடும் பயிற்சியில் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால், மூளையின் ஹைப்போதலமஸ் பகுதி இனப்பெருக்கத்துக்கான சமிக்ஞைகளை அடக்கிவிடும். உயிர் வாழ்வதற்குச் சக்தியை மிச்சம் பிடிக்க உடல் எடுக்கும் முடிவு அது. அதனால் பல ஜிம்னாஸ்டிக் சிறுமிகள் பெரியபிள்ளையாவது தள்ளிப்போகிறது. சிலருக்கு வந்த மாதவிடாயும் நின்றுபோகிறது. இதையும் இதனோடு சேர்ந்த மற்றப் பாதிப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து, சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் 'விளையாட்டில் சார்பு ஆற்றல் குறைபாடு' என்று பெயரிட்டது. பயிற்சி குறைந்து சாப்பாடு போதுமானதாக ஆனதும் அடக்கி வைத்த பருவ வளர்ச்சி கதவைத் திறக்கிறது. 13, 14 வயதில் மெதுவாக நடக்க வேண்டிய மாற்றங்கள் 17, 18 வயதில் அவசரமாக நடக்கின்றன. இடுப்பு விரிகிறது, கொழுப்பு சேர்கிறது, சிலர் உயரமும் கூடுகிறார்கள். வெளியே நிற்பவர்களுக்கு அது பருமனாகத் தெரிகிறது. உண்மையில் அந்த உடல் அப்போதுதான் சுகமாகத் தொடங்குகிறது.

ஜிம்னாஸ்டிக் செய்தால் பிள்ளை கட்டையாகிவிடும் என்ற பயம் எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கும் உண்டு. வேகமாகச் சுழலச் சிறிய உடல் வசதி என்பதால், உயரம் குறைந்த பிள்ளைகளே அந்த விளையாட்டில் நிலைத்து மேலே போகிறார்கள். பயிற்சி மட்டும் ஒருவரின் இறுதி உயரத்தைக் குறைப்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. ஆனால் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், 'விளையாடுற பிள்ளைக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சரி, எலும்புக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. மேலேயிருந்து குதித்து நிலத்தில் நிற்கும்போது உடல் எடையின் பத்து மடங்கு வரையான விசை காலில் இறங்கலாம். அந்த விசையில் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைவதை அதற்குள் புதைந்திருக்கும் எலும்பணுக்கள் உணர்ந்து, புதிய எலும்பு கட்டச் சொல்கின்றன. மெதுவான, ஒரே மாதிரியான சுமையைவிட, சட்டென்று பல திசைகளிலிருந்து வரும் அதிர்ச்சிக்கே எலும்பு நன்றாகப் பதில் சொல்லும். எங்கள் கடலில் எவ்வளவு நீந்தினாலும் இந்தப் பலன் பெரிதாகக் கிடைக்காது; வலைப்பந்தும் கயிறடிப்பதும் கொடுக்கும். வளர்ந்தவரின் எலும்புத் திணிவில் சுமார் கால்பங்கு, பருவமடையும் காலத்தில் வேகமாக வளரும் நான்கு ஆண்டுகளுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் குதித்த பிள்ளையின் எலும்பு வெளிப்புறமாகத் தடிக்கிறது. வயதாகும்போது எலும்பு பெரும்பாலும் உட்புறத்திலிருந்தே கரைவதால், வெளியே சேர்ந்த அகலம் நிலைத்து நிற்கிறது. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து அளந்தபோதும் முன்னாள் ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளின் எலும்புகள் மற்றவர்களுடையதைவிட வலுவாக இருந்தன. தசை விட்டுப்போன பிறகும் தங்கும் சேமிப்பு இது. ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி பத்து ஒலிம்பிக் பதக்கம் வென்றவர், பின்னர் இஸ்ரேலில் உடற்கல்வி கற்பித்தவர். 2025 ஜனவரியில், 104ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் காலமானார். ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

செலவும் உண்டு. கையில் உடலைத் தாங்கும் விளையாட்டு என்பதால் மணிக்கட்டின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், பாதிக்கப்படலாம். திரும்பத் திரும்பப் பின்னால் வளைவதால் நாரி முள்ளந்தண்டில் நுண்ணிய வெடிப்பு வரலாம். அந்த வலிகள் சிலருடன் நீண்ட காலம் வருகின்றன.

கடைசிவரை தங்குவது மூளை கற்றது. மாலையில் திருகோணமலை டச் பே கடற்கரையில் பெடியன்கள் ஓடிவந்து குத்துக்கரணம் அடிப்பதைப் பாருங்கள். தலைகீழாகும் அந்தக் கணத்தில் நிலம் எங்கே என்று அவர்களுக்குச் சொல்வது உட்காதில் உள்ள அரைவட்டக் கால்வாய்கள், புவியீர்ப்பை உணரும் நுண்கற்கள், கண், இவற்றோடு அடுத்த நொடியை முன்கூட்டியே கணிக்கும் சிறுமூளை. ஆயிரக்கணக்கான தடவை செய்து பதிந்த இந்தக் கணிப்பு பல ஆண்டுகளுக்கு மறக்காது. ஆபத்தும் அதில்தான். சிறுமூளை 40 கிலோ உடலுக்குப் போட்ட கணக்கை 55 கிலோ உடலில் ஓட்டிப் பார்க்கும். மூளை 'முடியும்' என்று சொல்ல, பயிற்சி விட்டுப்போன குதிகால் தசைநாண் அறுந்துவிடலாம். பழைய வீரர்கள் ஆசைக்கு ஒருமுறை பாய்ந்து காயப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே திறமையைப் படிப்படியாக வேறு இடத்துக்குக் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் லிடியா லசிலா ஜிம்னாஸ்டிக்கை விட்டு, பனிச்சறுக்கில் காற்றில் கரணமடிக்கும் போட்டிக்கு மாறி, 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா பிற்காலத்தில் ஓடிப் பாயும் வோல்ட்டில் கவனத்தைக் குவித்து, 46 வயதில் டோக்கியோவில் போட்டியிட்டார். சோவியத் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை லரிஸா லத்தினினா போட்டியை விட்ட பிறகு அதே அணியின் பயிற்றுநரானார்.

மில்கா கெஹானி டோக்கியோவுக்குப் போய் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனையானார். திருகோணமலைப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த மேடையை எட்டுவதில்லை. விளையாட்டை இடையில் நிறுத்துவது மட்டும் இங்கே ஏராளம். ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது குதிக்கவும் ஓடவும் இடம் வைத்தால் எலும்பும் தசைநாணும் பழகியபடி இருக்கும். பரீட்சை முடிந்து திரும்பும் பிள்ளையிடம் உடற்கல்வி ஆசிரியர் ஒரு வேலை ஒப்படைக்கலாம்: முழங்காலை மடித்து, இரண்டு பாதத்தையும் சமமாக வைத்து மெதுவாக இறங்குவது எப்படி என்று சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பது. முழங்கால் காயங்களைக் குறைக்க அது நன்றாக உதவும். அதற்குப் பெரிய மண்டபமோ விலை கூடிய கருவிகளோ தேவையில்லை.