இப்போது எரித்தால் பிறகுதான் ஏறும்: பலூன் விமானியின் செய்முறைத் தேர்வு

வெப்பக்காற்று பலூனுக்கு ஸ்டீயரிங் இல்லை, பிரேக்கும் இல்லை. பர்னரைத் திறந்து உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கலாம். கயிற்றை இழுத்து, உச்சியில் உள்ள வால்வு வழியாகச் சூட்டை வெளியே விடலாம். அவ்வளவுதான். அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றிப் பறக்க வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்கு 18 வயது, 35 மணி நேரப் பறப்பு (அதில் 20 மணி பலூனில்), புறப்பட்ட இடத்திலிருந்து 3,000 அடி வரை ஒரு ஏற்றம், எழுத்துத் தேர்வில் 70 மதிப்பெண் எல்லாம் தேவை. இவற்றைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. தேர்வாளரோடு கூடையில் நிற்கும்போதுதான் விஷயம் தெரியும்.

முதலில் வாய்மொழிக் கேள்விகள். இன்றைக்கு எத்தனை பேரை ஏற்றலாம்? கணக்கு எளிது. 77,000 கன அடி, அதாவது ஏறக்குறைய 2,180 கன மீட்டர் கொள்ளளவுள்ள பலூனை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் 20 டிகிரி காற்று கன மீட்டருக்கு 1.204 கிலோ, 100 டிகிரியில் 0.946 கிலோ. அந்த வித்தியாசம் தூக்கும் எடை சுமார் 560 கிலோ. துணி, கூடை, சிலிண்டர், ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வெளியே 30 டிகிரி ஆனால் 480 கிலோதான். ஒரு ஆள் குறைந்துவிட்டார். அல்புகர்க்கி போல 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில், 20 டிகிரியிலேயே 460 கிலோவுக்கு இறங்கிவிடும். கூடுதலாகச் சூடாக்கிச் சமாளிக்கலாமே என்று பதில் சொன்னால், துணிக்கும் ஒரு வெப்ப வரம்பு உண்டே என்று அடுத்த கேள்வி வரும்.

அதே பலூன் காற்றில் நகரும்போது, உள்ளிருக்கும் காற்றையும் சேர்த்து மொத்த நிறை 2.6 டன். நிமிடத்துக்கு 500 அடி வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். பர்னரைத் திறந்ததும் சூடு மேலே போய்க் கலக்க வேண்டும், பிறகு அந்த 2.6 டன்னின் வேகம் குறைய வேண்டும். பதில் வரப் பத்து விநாடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் இறங்கியிருக்கும். பழகாதவர் "ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொரு முறை எரிப்பார். இரண்டும் சேர்ந்து பலூனை மேலே வீசும். உடனே பயந்து வால்வை இழுப்பார். இந்த ஊஞ்சலாட்டம் போதும், தேர்வு போய்விடும். பழகியவர் சின்னச் சின்னதாக எரித்துவிட்டுக் காத்திருப்பார். ஏற்ற இறக்கம் காட்டும் மீட்டர்கூடத் தாமதமாகத்தான் சொல்லும்; கண்ணே வேகமான கருவி. எதிரே உள்ள மரத்தின் உச்சிக்குப் பின்னால் தெரிந்த தூரத்து வீடு மெல்ல மறைகிறதா? இறங்குகிறோம்.

புறப்படும்போது இதைவிட நுட்பமான ஓர் ஏமாற்று உண்டு. மர மறைவில் காற்றில்லாத இடத்தில் பலூன் நிற்கிறது. மேலெழும்பியதும் உச்சிமேல் காற்று வேகமாக ஓடுகிறது. அங்கே அழுத்தம் குறைந்து பலூன் சட்டென்று ஏறுகிறது. விமானி மகிழ்ந்து பர்னரை விட்டுவிடுகிறார். சில விநாடிகளில் பலூனும் காற்றின் வேகத்துக்கு வந்துவிட, அந்தக் கடன் தூக்கல் மறைகிறது. எதிரே மரமோ மின்கம்பியோ இருக்கும் நேரத்தில் கீழே இறங்கும். ஆகவே ஏறுகிறதே என்று நம்பாமல், தொடர்ந்து எரிக்க வேண்டும்.

மின்கம்பிதான் பலூன் விமானியின் பெரிய எதிரி. மோதல் தவிர்க்க முடியாது என்றால் ஏறித் தாண்டப் பார்க்கக் கூடாது: பர்னர் ஏறச் செய்யும் முன்பே கூடை கம்பியில் சிக்கும். வால்வை முழுதாகத் திறந்து வேகமாக இறங்கி, கம்பி கூடையிலோ பர்னரிலோ அல்லாமல் துணியில் படும்படி செய்து, எரிவாயுவையும், பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடரையும் (பைலட் சுடர்) அணைக்க வேண்டும். 2016 ஜூலை 30 அன்று டெக்சாஸின் லாக்ஹார்ட் அருகே மின்கம்பியில் மோதி 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், 2022 இல் வந்த விதிப்படி, கூலிக்குப் பறக்கும் பலூன் விமானிக்கும், வணிக விமானிகளுக்குரிய இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று கட்டாயமானது. விபத்து நடந்த காலத்தில் பலூன்காரர்களுக்கு அது தேவைப்படவில்லை என்பது இன்று வியப்பாக இருக்கிறது.

கடைசிக் கட்டம் தரையிறக்கம். பயணிகளுக்கு என்ன சொல்கிறார் என்பதையும் தேர்வாளர் கேட்டுக்கொண்டிருப்பார்: முழங்காலை லேசாக மடக்கு, கைப்பிடியைப் பிடி, சொல்லும்வரை கூடையை விட்டு இறங்காதே. கூடை தரையைத் தொட்டதும் ஆர்வத்தில் ஒருவர் குதித்துவிட்டால் 70 கிலோ குறைகிறது. உள்ளே சூடு இன்னும் இருப்பதால், மற்றவர்களோடு பலூன் மறுபடி கிளம்பும்.