எக்ஸ்ரேயில் தெரியாத மணிக்கட்டு வலி

புறங்கைப் பக்கம், நடுவிரலுக்கு நேராக மணிக்கட்டைத் தடவிப் பாருங்கள். ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். கையை உள்பக்கம் மடக்கினால் அந்தப் பள்ளத்தில் ஓர் எலும்பு மேலெழும். பிறை வடிவான லூனேட் எலும்பு அது. 17, 18 வயதுப் பிள்ளைக்கு அங்கே அழுத்தினால் வலிக்கிறது, பெரிய அடி எதுவும் படாமலே வலி வாரக்கணக்கில் நீள்கிறது, பிடி தளர்கிறது என்றால் கீன்பாக் நோயை நினைக்க வேண்டும். வியன்னாவின் கதிரியக்க மருத்துவர் ராபர்ட் கீன்பாக் 1910-இல் விவரித்தது.

லூனேட்டைப் பெரும்பாலும் குருத்தெலும்பு மூடியிருக்கும். ரத்தக்குழாய் நுழைய முன்னும் பின்னும் கொஞ்சம் இடம்தான். சிலருக்கு ஒரு பக்கம் மட்டுமே. ரத்தம் குறைந்தால் எலும்பு உள்ளுக்குள் செத்து, சுமை தாங்காமல் நொறுங்கும். நோயுள்ள பலருக்கு முன்கையில் சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா எலும்பு, கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் எலும்பைவிடச் சற்றுக் குட்டை. அதனால் ரேடியஸ் வழியாக லூனேட்டுக்கு அழுத்தம் கூடுகிறது.

தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். 'சுளுக்குதான்' என்று நீவிவிட்டே மாதங்கள் கழிவது இதனால்தான். எம்.ஆர்.ஐ. எடுத்தால், டி1 என்ற வகைப் படத்தில் சுற்றிலும் வெளிறிய எலும்புகளுக்கு நடுவே லூனேட் மட்டும் கறுத்துத் தெரியும்.

எலும்பு இன்னும் உருக்குலையவில்லை என்றால் முதலில் மாவுக்கட்டு, சுமாராக 3 மாதம். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். 16 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த உறுதி குறைவு. வலி அடங்காவிட்டால், அல்னா குட்டையாக இருப்பவர்களுக்கு ரேடியஸை மணிக்கட்டுக்குச் சற்று மேலே அறுத்து, 2 முதல் 3 மி.மீ. எடுத்துவிட்டு, பிளேட்டும் ஸ்குரூவும் போட்டு இணைப்பார்கள். லூனேட்டை யாரும் தொடுவதில்லை. அதன் சுமையைத்தான் இறக்குகிறார்கள். இளம் எலும்புக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறன் மிச்சமிருப்பதால் இந்த வயதில் இது நல்ல வழி.

ரேடியஸை அளவு மீறிக் குறைத்தால், அதைவிட அல்னா நீளமாகிப் பக்கத்து எலும்புகளில் இடிக்கும். சுண்டுவிரல் பக்கம் புது வலி தொடங்கும். அல்னா குட்டையாக இல்லாதவருக்கு ரேடியஸைக் குறைக்கக் கூடாது. அவருக்கு லூனேட்டை அடுத்துள்ள கேப்பிடேட் எலும்பைக் குட்டையாக்குவார்கள். ரேடியஸின் வளர்தகடு (எலும்பு நீள்வதற்கான குருத்தெலும்பு அடுக்கு) மூடாதிருந்தால், வளர்ச்சியில் அந்த நீளம் திரும்பிவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சில மாதங்கள் கம்பி செருகி, பக்கத்துச் சிற்றெலும்புகளை அசையாமல் நிறுத்திச் சுமையைத் திருப்புவதும் உண்டு.

அறுத்த எலும்பு ஒன்றுசேர மாதக்கணக்கு ஆகலாம். புகைப்பவருக்கு இன்னும் தாமதமாகும். விரல்களை மட்டும் முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். வலி போன பிறகும் எம்.ஆர்.ஐ.யில் லூனேட் நெடுநாள் கறுத்தே இருக்கலாம். அதைக் கண்டு மட்டும் இன்னொரு அறுவைக்கு ஓட வேண்டியதில்லை.