ஆறு வார வீட்டுப் பராமரிப்பு: கட்டணச் சீட்டு வருமுன் கவனிக்க வேண்டியவை

இங்கிலாந்தில் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய தாய் தந்தையருக்காகக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) அனுப்பிய கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கட்டத்தான் வேண்டுமா என்று கேட்டு வரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்தச் சீட்டுகளில் பல அனுப்பப்பட்டிருக்கவே கூடாதவை. வீடு திரும்பிய முதல் வாரங்களில் கிடைத்த பராமரிப்பு முதியவரை எழுந்து நடக்க வைப்பதற்குப் பதிலாகக் கட்டிலோடு பழக்கிவிட்டிருப்பது அதைவிட வேதனையானது.

சட்டம் சொல்வது சுருக்கமானது. ஒருவர் தம் வீட்டில் தாமாகவே வாழும் திறனைத் தக்கவைக்கவோ திரும்பப் பெறவோ குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கப்படும் உதவிக்கு, முதல் ஆறு வாரங்கள் கவுன்சில் கட்டணம் அறவிடக் கூடாது என்று 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் கூறுகின்றன. அவை 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. வைத்தியசாலையில் இதனை 'ரீஏபிள்மென்ட்' என்பார்கள். கைத்தடி, கழிவறை நாற்காலி போன்ற உபகரணங்களும், 1,000 பவுணுக்கு மேற்படாத கைப்பிடி முதலிய சிறு மாற்றங்களும் அதுபோலவே இலவசம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

சிக்கல் தொடங்குவது 'ரீஏபிள்மென்ட்' என்ற அந்தச் சொல்லிலேயே. விதி பார்ப்பது உதவியின் நோக்கத்தை. திறனை மீட்பதற்கான உதவி என்று பதிவாகியிருந்தால் இலவசம். 'நிரந்தர ஏற்பாடு கிடைக்கும்வரை தற்காலிக உதவி' என்று பதிவாகியிருந்தால் முதல் நாளிலிருந்தே கட்டணம் கேட்பார்கள். வாசலில் வந்து நிற்பவர் அதே கேரர் (பராமரிப்பாளர்), செய்வதும் அதே வேலை, ஆனால் கோப்பில் ஒரு சொல் மாறியிருக்கும். ஆகவே வார்டை விட்டு வெளியேறுமுன், "இது ரீஏபிள்மென்டா, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது" என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "வீட்டுக்குப் போனதும் ஒருவர் அழைப்பார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். அந்த அழைப்புக்காகப் பத்து நாள் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, தகுதியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது. 23,250 பவுணுக்கு மேல் சேமிப்பு இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது என்பதெல்லாம் நீண்டகாலப் பராமரிப்புக்கான கணக்கு. இந்த ஆறு வாரங்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மறதிநோய் உள்ளவரால் முன்னேற முடியாது என்று கூறி மறுப்பதும் சரியல்ல. நோயின் பெயரை மட்டும் வைத்து ஒருவரை விலக்கக் கூடாது என்று மருத்துவ, சமூகப் பராமரிப்புக்கு வழிகாட்டல்கள் வெளியிடும் 'நைஸ்' அமைப்பின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல் தெளிவாகவே சொல்கிறது. விசாவில் 'பொது நிதி உதவி இல்லை' என்று இருப்பதைக் காட்டி மறுத்தால், குடிவரவு விதிகளின் பொது நிதிப் பட்டியலில் சமூகப் பராமரிப்பு இடம்பெறவில்லை என்பதைச் சொல்லி, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நம் குடும்பங்களில் அதிகம் நடப்பது வேறொன்று. "மகள் கூடவே இருக்கிறாரே" என்பார்கள். மகள் இருப்பது தேவையை இல்லாமல் ஆக்கிவிடாது. பராமரிப்புத் தேவையை மதிப்பிடும்போது, குடும்பத்தார் செய்துவரும் உதவியை ஒதுக்கி வைத்துவிட்டே பார்க்க வேண்டும். மகளால் முடியுமா, அவர் விரும்புகிறாரா என்று தனியே கேட்க வேண்டும். அவருக்கென்று ஒரு மதிப்பீடு கேட்கும் உரிமையும் உண்டு. மொழியும் இங்கே வினையாகிறது. "படி ஏற முடியுமா" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, வந்தவருக்கு மரியாதை கொடுத்துத் தலையாட்டிய ஓர் அம்மாவின் படிவத்தில் 'படியில் உதவி தேவையில்லை' என்று எழுதப்பட்டிருந்தது. அவர் அப்போது மூன்று வாரமாக மாடிக்குப் போகவில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், படியைக் காட்டி ஏறச் சொல்லிப் பார்க்கும்படியும் கேளுங்கள்.

இனி தரம். எங்கள் தெருவில் இடுப்பு எலும்பு முறிந்து சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியின் வீட்டில், தொலைபேசிக்குப் பக்கத்தில் கேரர்கள் எழுதும் கோப்பு இருந்தது. எடுத்துப் புரட்டினேன். '7.40 – 7.55. உடல் கழுவப்பட்டது, உடுப்பு மாற்றப்பட்டது, தேநீர் கொடுக்கப்பட்டது.' மறுநாளும் அதே வரி, அதற்கடுத்த நாளும் அதே. இருபத்துமூன்று நாள்களில் அவர் ஓர் அடி எடுத்து வைத்தார் என்றோ, கேத்திலைத் தாமே தூக்கினார் என்றோ ஒரு சொல் இல்லை. பதினைந்து நிமிடத்தில் ஒருவரைத் தாமாக உடுத்த வைக்க முடியாது. உடுத்திவிட்டுப் போகத்தான் முடியும். வந்த பெண்கள் அன்பானவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அவ்வளவுதான் நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் ரீஏபிள்மென்ட் என்ற பெயரில் கவுன்சில் வாங்கித் தந்தது சாதாரணக் கழுவித் துடைக்கும் சேவைதான். அரை மணிக்குக் குறைந்த வருகைகள் விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்று வயோதிபர்களின் வீட்டுப் பராமரிப்பு பற்றிய 2015ஆம் ஆண்டு நைஸ் வழிகாட்டல் கூறுகிறது என்பதை முறையீட்டில் எழுதலாம்.

இதை அரசு கண்டுபிடித்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். இந்தச் சேவைக்கு நீண்டகாலமாகப் பயன்பட்டுவந்த தேசிய அளவுகோல், வைத்தியசாலையிலிருந்து திரும்பிய 65 வயதுக்கு மேற்பட்டவர் 91 நாள் கழித்தும் வீட்டில் இருக்கிறாரா என்பது. எங்கள் மூதாட்டி 91ஆம் நாளிலும் வீட்டில்தான் இருந்தார், முன்னறைக் கட்டிலில். கணக்கில் அது வெற்றி. பராமரிப்பு நிறுவனங்களை ஆய்வு செய்யும் பராமரிப்புத் தர ஆணையம் தரும் 'நன்று', 'மேம்பாடு தேவை' போன்ற தரவரிசையும் நிறுவனத்துக்கு உரியது, உங்கள் வீட்டுக்கு வரும் சேவைக்கு உரியதல்ல. அதைப் பார்க்கும்போது ஆய்வு நடந்த தேதியைப் பாருங்கள், பல ஆண்டு பழையதாக இருக்கக்கூடும்.

எனவே அளவுகோலை வீட்டிலேயே வையுங்கள். முதல் வாரத்திலேயே இலக்குகளை எழுத்தில் கேளுங்கள். 'சுயமாக இயங்குதல்' என்பது இலக்கு அல்ல. 'கைத்தடியுடன் குளியலறைக்குத் தனியாகப் போய் வருதல்' என்பது இலக்கு. முன்னேற்றத்தைப் பதிந்த குறிப்பேடு பராமரிப்புப் பெறுபவரிடமே இருக்க வேண்டும் என்பதும் நைஸ் சொல்வதுதான். அதற்கு மேலாக நீங்களும் ஒரு கொப்பியில், வந்த நேரம், போன நேரம், வந்தவர் புதியவரா, அன்று அம்மா தாமே செய்தது என்ன, அவருக்காகச் செய்யப்பட்டது என்ன என்று எழுதி வாருங்கள். இரண்டு வாரம் கடந்தும் அவருக்காகச் செய்யப்படுபவை குறையவில்லை என்றால், ஆறாவது வாரம்வரை காத்திராமல் அன்றே மறுபரிசீலனை கேளுங்கள்.

ஆறு வாரம் என்பது இலவசத்தின் உச்ச வரம்பு, உறுதியளிக்கப்பட்ட காலம் அல்ல. இலக்கு எட்டப்பட்டால் முன்னதாகவே நிறுத்தலாம். நிறுத்துவதாகச் சொன்னால், எந்த இலக்கு எந்த நாளில் எட்டப்பட்டது என்று கேளுங்கள். மறுபக்கம், யாரும் எதுவும் சொல்லாமல் ஏழாவது வாரத்திலும் கேரர் வந்துகொண்டிருந்தால் கட்டணம் ஓடத் தொடங்கியிருக்கலாம். ஐந்தாவது வாரத்திலேயே, இனியும் உதவி தேவையா என்று பார்க்கும் முழு மதிப்பீட்டை மின்னஞ்சலில் கோருங்கள். அதற்குப் பின் கட்டணம் கேட்பதென்றால் பொதுவாக நிதி மதிப்பீடு செய்த பிறகே கேட்க வேண்டும்.

முறையீடு செய்யும்போது, "அது ஏஜென்சியின் தவறு, அவர்களிடம் பேசுங்கள்" என்று கேரர்களை அனுப்பும் நிறுவனத்தைக் கவுன்சில் கைகாட்டும். ஏஜென்சியோ, நேரத்தைத் தீர்மானிப்பது கவுன்சில் என்று திருப்பி அனுப்பும். இந்தப் பந்தாட்டத்தில் நீங்கள் ஓட வேண்டாம். கவுன்சில் ஏற்பாடு செய்த சேவைக்குக் கவுன்சிலே பொறுப்பு; முறையீட்டைக் கவுன்சிலுக்கே எழுதுங்கள், கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து இணையுங்கள், சீட்டுத் தொகை சர்ச்சையில் உள்ளது என்று ஒரு வரி சேருங்கள். மூன்று வேலை நாள்களுக்குள் முறையீடு கிடைத்ததாக அவர்கள் தெரிவிக்க வேண்டும். பராமரிப்புத் தர ஆணையத்துக்கும் தகவல் கொடுக்கலாம், ஆனால் அது தனிப்பட்ட முறையீட்டைத் தீர்த்துவைக்காது. கவுன்சிலின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் என்னும் சுயாதீன முறையீட்டு விசாரணையாளரிடம் இலவசமாகப் போகலாம். தவறு தெரியவந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். கவுன்சில் பதிலை இழுத்தடிக்கும் மாதங்களும் அதற்குள் கரைந்துவிடும் என்பதால், முதல் கடிதத்தின் தேதியைக் கொப்பியின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.